அன்றைக்கு வீட்டில் நின்ற பிள்ளை

சிவாஜினியைப் பற்றிச் சொல்லப்போனால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அவள் மேல் இல்லை. யார் மேல் என்று கேட்டால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை, அதனாலேயே இன்னும் எரிகிறது. நான் அபூதாஹிர், மூதூரில் ஓட்டோ ஓடுகிறவன். சம்பூர்ப் பக்கம் அவள் இருக்கும் ஊருக்கு அடிக்கடி ஓட்டம் கிடைக்கும். ஊரின் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் கேட்காதீர்கள். சொன்னால் அந்தப் பள்ளிக்கூட அதிபர் என்னைப் படலை வாசலுக்குள்ளும் விடமாட்டார்.

சிவாஜினி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். புருஷனுக்குச் சீனன்குடாவில் கூலி வேலை, கிழமைக்கு ஒரு தரம்தான் வீடு. இரண்டாயிரத்து ஆறில் சண்டையால் ஊர் இடம்பெயர்ந்தபோது அவள் சின்னப் பிள்ளை. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் முகாம்களில், தறப்பாள் கூரைக்குக் கீழேதான். ஒரு முகாமில் எழுத்துப் பிடிபட்டு வரும்போது அடுத்த முகாமுக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே புது ரீச்சர், மறுபடி அ, ஆ. இப்படியே பள்ளிக்கூட வயது போய்விட்டது. எழுத்துக் கூட்டி வாசிப்பாள், ஆனால் பஸ்ஸின் பெயர்ப் பலகையை அவள் கூட்டி முடிக்கும் முன் பஸ் போய்விடும். இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

ஒரே மகள் பிரியதர்சினி, நாலாம் வகுப்பு. என் ஓட்டோவில் ஏறினால் இறங்கும்வரை வாய் ஓயாது. ஆனால் புத்தகத்தைக் கொடுத்தால் படத்தைப் பார்த்துத் தானாக ஒரு கதை சொல்லுமே தவிர எழுத்தின் பக்கம் போகாது. அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்பு. அதற்குள் வாசிக்க வராவிட்டால் பிள்ளை வகுப்பில் கடைசி வாங்கிலேயே இருந்துவிட்டு ஒரு நாள் பள்ளிக்கூடத்தை விட்டுவிடும். சிவாஜினிக்கு அது தெரியாதா என்ன, அவள் வந்த வழிதானே. தன்னைப் போல மகளும் ஆகக்கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் ஆராய்ச்சிக்காரர் வந்தார்கள், பல்கலைக்கழகத்து ஆட்கள். சில பள்ளிக்கூடங்களைத் தெரிந்தெடுத்து, நாலாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கவைத்துப் பார்ப்பார்களாம். பொறுப்பாக வந்தவர் ஜுமானா மிஸ், கிண்ணியா ஊர்ப் பிள்ளை, சின்ன வயது. அவர்களை ஏற்றி இறக்கும் ஓட்டம் எனக்குக் கிடைத்தது. எதற்கு இந்தச் சோதனை என்று கேட்டேன். பிள்ளைகள் எங்கே பின்தங்குகிறார்கள், ஏன் என்று பார்க்கத்தான் என்றார். அதற்கு மேல் முன்கூட்டிச் சொன்னால் முடிவு பிழையாகிவிடுமாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு வெளியாட்கள் வருகிறார்கள் என்றால் தோரணம் கட்டுவோம், மாலை போடுவோம், கெட்டிக்காரப் பிள்ளைகளை முன்வாங்கில் இருத்துவோம். திணறும் பிள்ளைகளை நாளைக்கு வராதே என்று மெதுவாகச் சொல்லி அனுப்பிவிடுவோம். இதைக் களவு என்று யாரும் நினைப்பதில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் உடைந்த கதிரையைப் பின்னால் கொண்டுபோய் வைக்கிறோமே, அந்த மாதிரி. அதிலும் அந்த ஊருக்கு ஒரு காரணம் இருந்தது. முகாம் காலத்தில் எத்தனை பேர் வந்து அந்தச் சனத்தின் கிழிந்த சட்டையைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்! திரும்பி வந்து குடியேறிய பிறகும் அகதிச் சனம் என்ற பேச்சைக் கேட்க அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அதிபர் பெற்றோரைக் கூட்டி, ஊரின் மானம் போகக்கூடாது என்றார். முதலில் தலையாட்டியது சிவாஜினி.

சோதனை நடந்த அன்றைக்குப் பிரியதர்சினி வீட்டில் நின்றாள். தாய்க்காரி பள்ளிக்கூடத்துக் குசினியில் நின்று, வந்தவர்களுக்கு இறால் கறி காய்ச்சினாள். ஜுமானா மிஸ் இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் ஒரே சந்தோசம், இப்படி வாசிக்கும் பிள்ளைகளைத் தான் எதிர்பார்க்கவில்லையாம். எனக்கும் பெருமையாக இருந்தது. எனக்கென்ன தெரியும், மண்ணாங்கட்டி!

அடுத்த ஊரில் சோதனை நடந்த அன்றைக்கு அங்கத்தைய அதிபருக்குக் காய்ச்சல். யாரும் தோரணம் கட்டவில்லை. பிள்ளைகள் வழக்கம்போல் வந்தார்கள், பாதிக்கு மேல் திணறினார்கள், திணறியபடியே பதிவானார்கள். சில மாதம் கழித்து அந்தப் பள்ளிக்கூடத்தில் பின்னேர வாசிப்பு வகுப்பு ஒன்று தொடங்கியது. பயிற்சி எடுத்த ரீச்சர்மார் வந்தார்கள். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடக்குப்படுகிறதோ அந்த இடத்திலிருந்தே அதற்குப் பாடம். புத்தகப் பெட்டிகளை ஏற்றிப்போனது நான்தான். ஆராய்ச்சி என்றால் வெறும் கடதாசி வேலை என்று நக்கலடித்துக்கொண்டு திரிந்தவன், அங்கே வாயை மூடிக்கொண்டேன். என்னைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற ஒரு பெட்டைப் பிள்ளை, ஒரு நாள் என் ஓட்டோவின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததை உரத்து வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது.

அந்தச் சந்தோசத்தைப் போய்ச் சிவாஜினியிடம் சொன்னேன். அவள் மாவுக் கையோடு நின்றபடியே, அந்த வகுப்பு ஏன் எங்களுக்கு வரவில்லை என்று கேட்டாள். பின்தங்கிய பள்ளிக்கூடங்களுக்குத்தான் கொடுக்கிறார்களாம் என்று சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவளுக்கும் விளங்கிவிட்டது.

அடுத்த நாளே மகளையும் கூட்டிக்கொண்டு, பாலையூற்றில் ஒரு வாடகை வீட்டில் இருந்த ஆராய்ச்சிக்காரரின் கந்தோருக்கு என் ஓட்டோவில் வந்தாள். வழியில் பிரியதர்சினி சீனன்குடாவில் விமானத்தைக் கண்டு, அப்பா அதற்குள் நிற்கிறாரோ என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

"மிஸ், என்ர பிள்ளை அண்டைக்கு வரேல்லை," என்றாள் சிவாஜினி. "நாங்கள்தான் வீட்டில நிப்பாட்டினனாங்கள். இப்ப கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன். சோதிச்சுப் பாருங்கோ."

ஜுமானா மிஸ் ஒரு தாளைக் கொடுத்தார். பிள்ளை முதற் சொல்லிலேயே நின்றுவிட்டுப் படத்தைத் தேடியது. அதில் படம் இல்லை. மிஸ் தாளைத் திருப்பி வாங்கி வைத்தார். பிறகு, அன்றைக்கு இன்னும் எத்தனை பிள்ளைகள் வீட்டில் நின்றார்கள் என்று கேட்டார். சிவாஜினி குனிந்துகொண்டாள். சொன்னால் அதிபர் மாட்டுவார், சொல்லாவிட்டால் மகளுக்குத்தான் நட்டம். கடைசியில், கொஞ்சப் பேர் என்று மட்டும் சொன்னாள்.

"அக்கா, உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை," என்றார் மிஸ். "வகுப்பு நடக்கிற பள்ளிக்கூடங்கள் எல்லாம் முடிவாகிட்டுது. நடுவில மாத்த என்னால ஏலாது. அடுத்த ஆய்வு மூண்டு வருசத்துக்குப் பிறகுதான்."

அப்போது பிள்ளை ஏழாம் வகுப்பில் இருக்கும், பள்ளிக்கூடத்தில் இருந்தால்.

பொறுக்கமுடியாமல் நான் வாயைக் கொடுத்தேன். அடுத்த ஊர் வகுப்புக்கு நானே ஏற்றி இறக்குகிறேன், ஒரு சதமும் வேண்டாம் என்றேன். அதுவும் ஏலாதாம். வெளிப் பிள்ளையைச் சேர்த்தால், வகுப்பால் எவ்வளவு முன்னேற்றம் என்று சரியாகப் பார்க்க முடியாமல் போய்விடுமாம். அது சரியாகத் தெரிந்தால்தான் மாகாணம் முழுக்க இந்த வகுப்பைக் கேட்கலாமாம். நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை, அநியாயம் என்றால் சத்தம் போட்டுவிட்டாவது வந்திருப்பேன். மேலிடத்துக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்ன மிஸ்ஸின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. எழுதினார். ஏலாது என்றே பதில் வந்தது.

சிவாஜினி அதிபரிடமும் போய் நின்றாள். ஒரு ரீச்சர் இரண்டு வகுப்பைப் பார்க்கிறார், இன்னொருவரைக் கேட்கக்கூடாதா என்றாள். கேட்டுப் பார்த்தாராம் மனுஷன். வாசிப்பில் இவ்வளவு திறமான பள்ளிக்கூடத்துக்கு மேலதிக ரீச்சர் எதற்கு என்றார்களாம் கல்விக் கந்தோரில். அதற்குப் பிறகு அவளே முதலாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு மகளோடு இருந்து பார்த்தாள். இடியப்பம் எடுக்கப் போகும்போது கண்டிருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே சொல்லில் தடக்குப்பட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் விழா, வாசிப்பில் முன்னுக்கு வந்ததற்குப் பாராட்டு. மறுபடி தோரணம், மறுபடி மாலை, குசினியில் மறுபடி சிவாஜினி. வராமல் விட்டிருக்கலாமே என்று கடிந்துகொண்டேன். ஊர் அலுவலுக்கு வராமல் ஏலுமா, அபூதாஹிர் நானா என்றாள். உயரமான பிள்ளை என்று பிரியதர்சினியைப் பதாகையின் ஒரு பக்கம் பிடிக்க விட்டிருந்தார்கள். இந்த முறை வீட்டில் நிற்கச் சொல்லவில்லை என்று அவளுக்குப் பெரிய சந்தோசம்.

தாய் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது பிள்ளை கேட்டது.

"அம்மா, இதில என்ன எழுதிக் கிடக்கு?"

சிவாஜினி வாயை அசைத்து அசைத்துக் கூட்டினாள். நேரம் எடுத்தது. நானே வாசித்துச் சொல்லியிருக்கலாம்.

"எங்கட பிள்ளைகள் எல்லாரும் நல்லா வாசிக்கினம் எண்டு எழுதியிருக்கு."

"நானுமோ?"

அவள் மகளின் ரிபனை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஓம், நீயும்தான்."

பிள்ளை பதாகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தது.