கட்டைவிரலை மடக்கிக்கொள்ளச் சொன்னவர்

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி எனக்குக் காட்மாண்டுவிலிருந்து வந்தது. படப்பையில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே நான்கு தெருதான். அன்று காலை ஏழரை மணிக்கு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சுனிதா அழைத்தார். நேபாளத்தில், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக ஒரு சிறிய உதவி மையம் நடத்துகிறவர். சனிக்கிழமைதோறும் பேசுவது வழக்கம் என்பதால் அக்காவின் எண்ணுக்கு அடித்திருக்கிறார். மகள் எடுத்து, தெரிந்த ஆங்கிலத்தில், விடியற்காலையில் நெஞ்சு வலி வந்து அம்மா போய்விட்டதாகச் சொல்லி அழுதிருக்கிறாள். "தீதி போய்விட்டாராமே, நீங்கள் இன்னும் போகவில்லையா?" என்று இந்தியில் கேட்டார் சுனிதா. அக்காவை அவர் தீதி என்றுதான் கூப்பிடுவார். கை கழுவாமல் ஓடினேன்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் பல வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர் அவர். வந்து இறங்கும் ஒவ்வொரு பாகத்தையும் வரைபடத்தோடு ஒப்பிட்டு, பொருந்தாததை ஒதுக்குவது வேலை. அதிலிருந்து வெளியே வந்த பிறகு வல்லம் சாலையில் ஒரு கடையறை பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மேசை போட்டு உட்கார்ந்து, வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் வேலை ஒப்பந்தங்களை அதே கண்ணோடு படித்தார். "ஒரு போல்ட்டு உள்ள வர்றதுக்கே அளந்து பாக்குறோம். ஆள அனுப்புறதுக்கு அளக்க மாட்டியா?" என்பார். அஞ்சலிக் கூட்டத்தில் ஒருவர் அவரை நல்லவர், அமைதியானவர் என்று சொன்னார். நல்லவர்தான். அமைதியானவர் என்பது பச்சைப் பொய்.

எனக்கு அவர் அறிமுகமானதே சண்டையில்தான். அப்போது நான் ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றுக்கு உள்ளூர் ஆள். விடுதிகளில் தங்கி ஷிப்ட் பார்க்கும் தென்மாவட்டத்துக்காரர்களை மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் சேர்த்துவிடுவேன். அறைக்கு எட்டுப் பேர், பூட்டில்லாத அலமாரி. "அண்ணே, நீங்களே வெச்சுக்கோங்க" என்று பாஸ்போர்ட்டை அவர்களே என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ரப்பர் பேண்டு போட்டு, பெயர்ச் சீட்டு செருகி, பீரோவில் அடுக்கி வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. ஒருநாள் மதியம் அக்கா உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏழு பேரோட பாஸ்போர்ட்டு உன்னாண்ட கீதாமே. எடு."

"பத்திரத்துக்குத்தாங்க வெச்சிருக்கேன். அவங்களே குடுத்தது."

"உன் வூட்டு சாவிய நான் பத்திரமா வெச்சிக்கினு கீறேன். நீ வெளிய நிக்கிறியா?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. போலீஸைக் கூப்பிடுவேன் என்றேன். "கூப்புடு, எனக்கும் அவங்களாண்ட பேச வேண்டியது கீது" என்றார். மூன்று மணி நேரம் அசையவில்லை. சாயங்காலம் ஏழு பாஸ்போர்ட்டும் கைமாறின. அதோடு விட்டாரா? அடுத்த வாரமே விடுதிக்காரரோடு மல்லுக்கட்டி, ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி வைக்கச் செய்தார். பெட்டி தேடி அவரோடு தாம்பரம் வரை அலைந்தவன் நான்தான். எப்படி அவர் பக்கம் சாய்ந்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்ததற்காக ஏஜென்சி முதலாளி என்னை விரட்டிவிட்டதும் ஒரு காரணம்.

யாரையும் போகாதே என்று அவர் சொன்னதில்லை. தடுக்கச் சொல்லி வரும் அம்மாக்களிடம், "புள்ள போட்டும்மா. திரும்பி வர்ற வழி மட்டும் அவன் கையில இருக்கணும், அத நான் பாத்துக்குறேன்" என்பார். ஒப்பந்தத்தில் ஒரு பிரதியை மேசையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார். போய் இறங்கிய பின் அங்கே எதில் கையெழுத்துக் கேட்டாலும் முதலில் அதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இங்கே உள்ளதும் அங்கே உள்ளதும் ஒன்றா என்று வரிக்கு வரி பார்ப்பார்.

சுனிதாவின் முதல் அழைப்பு வந்தபோது நான் முகம் சுளித்தேன். வல்லம் வடகாலில் ஒரு ஒப்பந்ததாரர், தன்னிடம் வேலை பார்த்த நேபாளி ஒருவரின் குடியுரிமைச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு ஊருக்குப் போக விடவில்லை. அவருடைய மனைவி சுனிதாவிடம் போய் அழுதிருக்கிறார். "நம்ம ஆளுங்க பிரச்சினையே தலைக்கு மேல கெடக்கு. இது எதுக்குக்கா?" என்றேன்.

"நம்ம ஆளு மலேசியாவுல மாட்டிக்கினா, அங்க ஒருத்தன் இதே கேள்விய கேப்பான் சேகரு. அப்ப இன்னா பண்ணுவ?"

அன்று மாலையே போனோம். ஒப்பந்ததாரர் பத்திரம், பாதுகாப்பு என்று ஆரம்பித்தார். அந்த வசனம் எனக்கு மனப்பாடம் என்பதால் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா அவர் எதிரிலேயே தொழிலாளர் துறைக்குப் போன் போட்டார். சான்றிதழ் கைக்கு வந்தது. அதிலிருந்து சனிக்கிழமைதோறும் இரண்டு பெண்களும் பேசினார்கள். ஒருவருக்குத் தமிழ், மற்றவருக்கு நேபாளி, நடுவில் என் ஓட்டை இந்தி. எந்த ஏஜென்சி ஏமாற்றுகிறது, எந்தத் தொழிற்சாலைக்கு யார் போயிருக்கிறார்கள் என்று எல்லாம் பரிமாறிக்கொண்டார்கள்.

இசக்கிமுத்துவை உங்களில் பலருக்குத் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒரகடத்தில் ஒப்பந்த வேலை முடிந்ததும் மலேசியாவுக்குப் போனார். பேக்கிங் வேலை என்று இங்கே கையெழுத்து வாங்கிவிட்டு, அங்கே பிரஸ் மெஷினில் நிறுத்தினார்கள். வலது கை நசுங்கியது. மருத்துவமனைக்கு ஒழுங்காக அழைத்துப் போவதற்கு முன்பே காகிதத்தோடு வந்து நின்றார்கள். அதில் விரலை வைத்திருந்தால் சிகிச்சையும் இல்லை, நஷ்டஈடு கேட்கும் உரிமையும் இல்லை. எனக்குப் பக்கத்தில்தான் அக்கா போனில் பேசினார்.

"நானா வேலைய விட்டுட்டுப் போறேன்னு எழுதி வச்சிருக்காவ அக்கா. கையெழுத்துப் போட்டா நாளைக்கே ஊருக்கு அனுப்பிருவாவளாம்."

"எழுத முடியல, கை வலிக்குதுன்னு சொல்லு. பொய்யில்லியே."

ஒரு மணி நேரத்தில் மறுபடி அழைத்தார். "இடது கைப் பெருவிரல வைக்கச் சொல்லுதாவ."

"கட்டைவெரல மடக்கி உள்ள வெச்சிக்கோ. கைய மூடிக்கோ. நான் சொல்ற வரைக்கும் தொறக்காத."

மூன்று நாள் அந்தக் கை திறக்கவில்லை. அந்த மூன்று நாளில் சுனிதா, மலேசியாவில் இசக்கிமுத்துவுக்குப் பக்கத்து விடுதியில் இருந்த ஒரு நேபாளித் தொழிலாளியைப் பிடித்தார். அக்கா மேசையில் வைத்திருந்த ஒப்பந்தப் பிரதி அந்தத் தொழிலாளியின் போனுக்குப் போய், அங்கிருந்து மலேசியத் தொழிற்சங்க வழக்கறிஞர் ஒருவரிடம் போனது. அதே மெஷின்களில் நேபாளிகளும் வேலை பார்த்ததால் சுனிதா அவர்கள் தூதரகத்துக்கும், அக்கா நம் தூதரகத்துக்கும் ஒரே நாளில் எழுதினார்கள். தொழிலாளர்களைக் காப்போம் என்று நாடுகள் கூடிப் போடும் உடன்படிக்கைகளை நான் கேலி செய்வேன். அக்கா விடமாட்டார். "அவங்க போட்ட கையெழுத்தக் காட்டித்தான்டா நான் கேக்குறேன்" என்று சொல்லி, கடிதத்தின் முதல் வரியிலேயே அதை எழுதவைத்தார்.

அறுவை சிகிச்சை அங்கேயே நடந்தது. இரண்டு விரல்கள் போய்விட்டன. நஷ்டஈட்டு வழக்கை அந்த வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிட்டு, சட்டைப் பையில் தன் பாஸ்போர்ட்டோடு வந்து இறங்கினார் இசக்கிமுத்து. ஜெயித்துவிட்டோம் என்றேன். அக்கா என் மேல் பாய்ந்தார். "ஜெயிச்சோம்னு சொல்லாத. அவன் ரெண்டு வெரல அங்க வுட்டுட்டு வந்துக்கீறான்." சொல்லிவிட்டு விமான நிலையம் என்றும் பார்க்காமல் அந்தக் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன்.

அடக்கத்தன்று என் பழைய முதலாளி ஆள் உயர மாலையோடு வந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் என் தோளில் கை போட்டார்.

"அந்தம்மா போய்ட்டாங்க. இனிமே நீ நம்மளாண்ட வந்துடேன். பத்துப் பேரு ரெடியா கீறாங்க."

குழியில் போட்ட மண் இன்னும் ஈரம் காயவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் அந்த ஆளிடம் வேலை பார்த்த பதினோரு வருஷமும் 'சரிங்க சார்' தவிர வேறு எதுவும் பேசியதில்லை.

"பத்துப் பேரையும் ஞாயித்துக்கெழம மேசைக்கு அனுப்பு. காகிதத்தோட அனுப்பு" என்றேன்.

"எவன் படிக்கப் போறான் அத?"

"நாந்தாம் படிப்பேன்" என்றார் பின்னால் நின்ற இசக்கிமுத்து.

முதலாளி அனுப்பவில்லை. விடுதி விடுதியாகப் போய் நாங்களே கூப்பிட்டோம். பத்தில் எட்டுப் பேர் வந்தார்கள். இசக்கிமுத்து மூன்று விரலால் தாளைப் புரட்டி வரிக்கு வரி படித்தார். வேலை நேரம் எழுத வேண்டிய இடம் எட்டிலும் காலியாக இருந்தது. அதை நிரப்பித் தராமல் ஒருவரும் விமானம் ஏறுவதில்லை என்று எட்டுப் பேரும் சொல்லிவிட்டார்கள். முதலாளி போனில் என்னைக் கிழிகிழியென்று கிழித்தார். நானும் சளைக்காமல் கிழித்தேன்.

அப்படிப் பேசும் வாய் எனக்குப் பிறவியில் கிடையாது. ஸ்டெல்லா அக்கா என்னிடம் விட்டுப்போனது அதுதான். அதை மூடிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை.