நாற்பத்தெட்டு வயதுக்காரர்

என் கணவருக்கு வயது நாற்பத்தெட்டு. கல்யாணமான நாளிலிருந்தே நாற்பத்தெட்டுதான். எனக்கு மட்டும் வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்தது.

செந்தூல் ரயில்வே பட்டறையில் அவர் மண்டோர். ஆட்களை அதட்டி வேலை வாங்குகிற உத்தியோகம். ஐம்பத்தைந்து ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், குடியிருந்த ரயில்வே வீட்டையும் காலி செய்ய வேண்டும். அதனால் ஞாயிறுதோறும் சீனர் கடைக் கறுப்புச் சாயத்தைத் தலைக்கும் மீசைக்கும் பூசிக்கொண்டு, வாயைத் திறக்காமல் வெயிலில் உட்கார்ந்திருப்பார். ரவாங்கிலிருந்து வந்த அவருடைய தங்கை, தனக்கு அறுபது முடிந்துவிட்டதென்று ஒருநாள் உளறிவிட்டாள். அப்படியானால் உங்களுக்கு என்ன வயது என்று கேட்டேன். பளாரென்று அறைந்தார். அதன்பிறகு யார் கேட்டாலும் நானும் நாற்பத்தெட்டு என்றே சொன்னேன்.

இரும்புச் சட்டம் ஒன்றைத் தூக்கப்போய் அவருக்குக் குடல் இறங்கி அடைத்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டோம். பக்கத்துக் கட்டிலில், அவருக்குக் கீழே பட்டறையில் வேலை செய்தவன் ஒருவன் கால் நசுங்கிப் படுத்திருந்தான். மண்டோர் வேலை எப்போது காலியாகும் என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தவன் அவன்.

யாழ்ப்பாணத்து டாக்டர் வந்தார். மணிக்கட்டைப் பிடித்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"உடனே வெட்ட வேணும். வயது என்ன?"

"நாப்பத்தெட்டு, டாக்டரையா."

"சரியாச் சொல்லுங்கோ. வயது போனவைக்குக் குளோரோபாம் மயக்கம் குடுத்தா இதயம் நிண்டு போகும்."

"நாப்பத்தெட்டுதாங்க."

பக்கத்துக் கட்டிலைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். சாவதற்குப் பயமில்லை, அவன் முன்னால் கிழவனாவதற்குத்தான் பயம். இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாலியறுக்க நான் தயாராக இல்லை.

"பொய்ங்க டாக்டரையா! அறுபது தாண்டிருச்சு! எல்லாம் சாயம்!"

நம்புவாரோ மாட்டாரோ என்று முந்தானையில் எச்சிலைத் துப்பி அவர் மீசையை அழுத்தித் தேய்த்தேன். வியர்வையில் ஏற்கெனவே ஊறியிருந்த சாயம் சேலையோடு வந்துவிட்டது. பாதி மீசை வெள்ளை. வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில்காரன் தன் காலை மறந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மயக்கம் கொடுக்கவில்லை. அந்த இடத்தை மட்டும் ஊசி போட்டு மரக்கவைத்து, கண் விழித்திருக்கையிலேயே வெட்டித் தைத்தார்கள். குடலைப் பிடித்து இழுத்தபோது அவர் போட்ட சத்தம் வராந்தாவரைக்கும் வந்தது. ஆனால் உயிரோடு வந்தார்.

வெளியே வந்த டாக்டரின் காலில் விழுந்தேன். நான் சொன்னதை நம்பினீர்களே சாமி என்று அழுதேன்.

"எழும்பு பிள்ளை. நீ சொல்லித்தானா? கையைப் பிடிச்ச உடனேயே தெரிஞ்சுட்டுது. நாடி கயிறு மாதிரி இறுகிக் கிடக்கு, கண்ணில கிழட்டு வளையம். நீ வாயே திறக்காட்டிலும் நான் மயக்கம் குடுத்திருக்க மாட்டன்."

அவர் போய்விட்டார். நான் வராந்தாவில் உட்கார்ந்து முந்தானையிலிருந்த சாயக்கறையைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டில்காரன் நொண்டிக்கொண்டே போய்ப் பட்டறையில் சொல்லிவிட்டான். என் கணவருக்கு வேலை போயிற்று. கொஞ்ச நாளில் அவனே மண்டோராகி எங்கள் வீட்டுக்கே குடிவந்தான். நாங்கள் பந்திங் பக்கம் ஒரு கம்பத்தில், கிராமத்துக் குடிசை ஒன்றில் ஒண்டினோம். என் கணவர் அதற்குமேல் சாயம் பூசவில்லை. கடைக்குப் போனால் என்னை அவர் மகள் என்றார்கள். குடித்துவிட்டு வரும்போதெல்லாம் கேட்பார்: "ஏன்டி என்னைக் காட்டிக்குடுத்தே?"

"நான் சொல்லலன்னா அன்னிக்கே பொணமாயிருப்பீங்க" என்பேன். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட உட்காருவார்.

அவர் சாகும்வரை அதையே சொல்லி அவர் வாயை அடைத்தேன். அது பொய்யென்று தெரிந்த டாக்டர் எப்போதோ மாற்றலாகிப் போயிருந்தார்.