கவிழ்ந்து கிடந்த சொம்பு

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு நாள், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்த நான் நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. என் மூச்சு நின்று நின்று வந்ததாம். பயந்துபோய்த் தலைமையாசிரியையைக் கூப்பிட்டு வந்துவிட்டார்கள். அப்போது என் எடை நூற்றிருபது கிலோ. மாடவீதி ரிக்‌ஷாக்காரர்கள் என்னைக் கண்டால் குனிந்து டயரைப் பார்ப்பார்கள். அதையெல்லாம் நானே சொல்லிச் சிரிப்பேன். ஆனால் வீட்டில் பகல் தூக்கத்திலிருந்து விழித்தால், என் பன்னிரண்டு வயது மகள் என் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதற்குச் சிரிக்க முடியவில்லை.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இரைப்பையைத் தைத்துச் சிறிதாக்கும் ஆபரேஷன் வந்திருக்கிறது, இந்த ஊருக்குப் புதிது, உங்கள் உடம்புக்கு மயக்க மருந்தே ஆபத்து, செய்யாவிட்டால் அதைவிட ஆபத்து. நான் நேராக எங்கள் தெருக்கோடி அம்பாள் சன்னிதிக்குப் போனேன். "நான் சாகக் கூடாது. என் பொண்ணுக்கு நான் வேணும். குறுக்கே எது வந்தாலும் நீயே தள்ளிவிடு" என்று அதட்டலாகத்தான் கேட்டேன். வாத்தியார் வாய்க்கு வேண்டுதல்கூட அப்படித்தான் வரும்.

பிறகு மூட்டை கட்ட ஆரம்பித்தேன். முன்பக்கம் பித்தான் வைத்த நைட்டிகள், பிளாஸ்க், விபூதிப் பொட்டலம். கொஞ்ச நாளைக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்க முடியும் என்றதால் மகள் குழந்தையாயிருந்தபோது வாங்கிய பாலாடை. பாண்டி பஜார் தையற்காரரிடம் என் அளவில் பாதிக்கு ஒரு ரவிக்கையும் தைத்து வாங்கினேன். "யாருக்கு மேடம்?" என்றார். "எனக்குத்தான்" என்றதும் பாவம், அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

எல்லாவற்றுக்கும் அடியில் பித்தளைச் சொம்பு. ஆபரேஷன் அன்று விடியற்காலை அம்பாளுக்குப் பாலபிஷேகம் செய்து, அந்தப் பாலைச் சொம்பில் வாங்கி, ஒரு டம்ளர் எனக்குக் கொடுத்து, மீதியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவது என் மாமியாரின் ஏற்பாடு. முந்தைய இரவிலிருந்து தண்ணீர்கூடக் கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"அது ஆகாரத்துக்குடி. அபிஷேகப் பால் ஆகாரமா? தீர்த்தம் மாதிரின்னா அது" என்றார்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பிரசாதத்தைச் சாப்பாடு என்று நாம் யார் நினைத்திருக்கிறோம்?

மறுநாள் மத்தியானம், வீட்டில் யாருமில்லாத நேரம், பையைத் திறந்து நைட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. கனத்த ஒருத்தி உட்கார்ந்தால் வருகிற சத்தம். அது எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்தை எழுப்புகிற ஒரே ஆள் நான்தான். நானோ தரையில் இருக்கிறேன். ஈர மஞ்சள் வாசனை வந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்தபோது, பையின் அடியில் துண்டில் சுற்றி வைத்த சொம்பு கட்டிலடியில் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. துண்டு பைக்குள்ளேயே இருந்தது, சுற்று கலையாமல்.

மாமியாரைக் கேட்டேன், மகளைக் கேட்டேன். யாரும் தொடவில்லை. திரும்ப வைத்தேன். அடுத்த மத்தியானமும் அதே சத்தம், அதே வாசனை, அதே இடத்தில் கவிழ்ந்த சொம்பு. வெறும் பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பது வீட்டுக்கு ஆகாது என்று வளர்ந்தவள் நான். அம்பாள் வேண்டாம் என்கிறாளோ?

ஆபரேஷன் அன்று காலை மாமியார் மடியாகப் பாலோடு வந்தார். சொம்பை மணைமேல் வைத்து, டம்ளரில் ஊற்றி நீட்டினார். வாயருகே கொண்டுபோனேன். யாரோ முழங்கையைத் தட்டினார்கள். ஆமாம், தட்டினார்கள், என் பின்னால் சுவர்தான் இருந்தது. டம்ளர் எகிறிப் போய் விழுந்தது. சொம்பிலிருந்து ஊற்றலாம் என்று மாமியார் திரும்பினால், அது மணைமேல் கவிழ்ந்திருந்தது. பால் சத்தமே இல்லாமல் தரையில் பரவிக்கொண்டிருந்தது.

மாமியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வேண்டாம்டி, இன்னிக்குப் போகாதே." என் கணவர் கீழே கிடந்த டம்ளரை எடுத்து வைத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உன்னிடம் உயிரைக் கேட்டேன், ஒரு வாய்ப் பாலைக்கூடத் தட்டிவிட்டாயே என்று அம்பாளை வாய்விட்டு ஏசினேன். தூங்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தேன். வருவது வரட்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அடையாறு போகும் வழியெல்லாம் அழுகை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "இன்னாமா அழுதுகினு வர? நல்லாயிடும்மா, தெகிரியமா இரு" என்றார். அதற்கும் அழுதேன்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து கேட்டார். "காலையில ஏதாவது உள்ள போச்சா?"

"ஒரு டம்ளர் அபிஷேகப் பால் குடிக்கறதா இருந்தது டாக்டர். கொட்டிடுத்து."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "ஒரு டம்ளர் பாலா? மயக்கத்துல அது மேல வந்து நுரையீரல்ல இறங்கியிருந்தா, உங்க உடம்புக்கு என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா." பேனாவை மூடிவிட்டு, "குடிச்சிருந்தா என்கிட்ட சொல்லியிருப்பீங்களா?" என்றார்.

சொல்லியிருக்க மாட்டேன். சாப்பிடவில்லை என்றுதான் சத்தியம் செய்திருப்பேன். அது எனக்குப் பொய்யாகவே தோன்றியிருக்காது. அந்த அறையிலும் அப்போது ஈர மஞ்சள் வாசனை. டாக்டரம்மாவும் ஒருமுறை தலை திருப்பி வாசல் பக்கம் பார்த்தார்.

பிழைத்து வந்தேன். பாலாடையில் கஞ்சித்தண்ணீர் குடித்துக் குடித்து இரண்டு வருஷத்தில் பாதியானேன். விஷயத்தைக் கேட்ட அன்று மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். இப்போது நம் வெள்ளிக்கிழமைப் பூஜைக் குழுவில் யாராவது ஆபரேஷனுக்குப் போனால் நானே அவர்கள் வீட்டுக்குப் போய், பிரசாதத்தை மறுநாளுக்கு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வருகிறேன்.

உங்களுக்கும் ஒன்று சொல்வேன். கேட்டதை அவள் கொடுக்காத நாள் வரும். கையில் கொடுத்ததைத் தட்டிவிடுகிற நாளும் வரும். அன்றைக்கு அழுங்கள், ஏசுங்கள், நானும் ஏசினேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஏசிவிட்டு, போக வேண்டிய இடத்துக்குத் தைரியமாகப் போங்கள். உங்களுக்கு முன்னால் அவள் அங்கே போயிருப்பாள்.