சைலன்சர் கம்பெனிக்காரன் விற்ற மின்சாரக் கார்

பழைய கார் விக்கிற வேலையில, காலையில வந்ததும் முதல்ல வண்டிங்க மேல இருக்கிற தூசியைத் தொடைக்கணும், அப்புறம் நம்ம மூஞ்சியில இருக்கிற கவலையைத் தொடைக்கணும். மத்தியானத்துக்குள்ள ரெண்டும் மறுபடி படிஞ்சிடும். ஒரகடம் ரோட்டுல லாரிங்க கெளப்புற தூசி அப்படி. டார்கெட்டுன்னு ஒண்ணைக் கழுத்துல கட்டிக்கினு அலையற என்னை மாதிரி ஜென்மங்களே, இது உங்களுக்குத்தான். நீங்க சேலை வித்தாலும் சரி, இன்சூரன்ஸ் வித்தாலும் சரி, நம்ம பொழப்பு ஒண்ணுதான். கஸ்டமர் கெளம்பிப் போன பின்னாடிதான் சரியான பதில் ஞாபகத்துக்கு வரும்.

வண்டி வந்தது

நான் இந்த வேலைக்கு வந்த கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து ஒரு சைலன்சர் கம்பெனியில வெல்டிங் லைன்ல இருந்தேன். காருக்குப் பின்னால புகை போற குழாய் இருக்கே, அதைச் செய்யற கம்பெனி. ஒரு நாள், எலக்ட்ரிக் வண்டி வந்துடுச்சு, அதுக்குப் புகையே கெடயாது, ஆர்டர் கொறைஞ்சு போச்சுன்னு சொல்லி எங்க லைனையே மூடிட்டாங்க. வெளிய வந்து எத்தனையோ கம்பெனி கேட்டுல பயோடேட்டா குடுத்துப் பாத்தேன். இந்த வயசுக்காரனை எவனும் உள்ள விடல. கடைசியில ஒரு பழைய கார் யார்டுல சேல்ஸ்மேன் வேலை கெடச்சுது. பொண்ணு தண்டலத்துல காலேஜ்ல படிக்கிறா. இந்த வேலையும் போனா அவ படிப்பு நின்னுடும். அதனால ஓனர் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிக்கினு இருந்தேன்.

அப்பதான் கார்த்திகை மாசத்துல ஓனர் ஒரு வெள்ளைக் காரை ஓட்டிக்கினு வந்து நிறுத்தினாரு. நீளமான சொகுசுக் கார், வெளிநாட்டு மாடல், எலக்ட்ரிக். இங்க ஃபேக்டரியில பெரிய பதவியில இருந்த ஒரு வெளிநாட்டு ஆபீசர் ஊருக்குத் திரும்பும்போது வந்த விலைக்குக் குடுத்துட்டுப் போனதாம். ஓனர் ஆசைப்பட்டு வாங்கிட்டாரு, வாங்கின மறுநாளே பயந்துட்டாரு. அந்தப் பயத்தைத் தூக்கி என் தலையில வெச்சாரு. சொல்ல வேண்டியதையெல்லாம் மனப்பாடம் பண்ணச் சொன்னாரு. விலை எறங்கற நஷ்டத்தையெல்லாம் மொதல் ஓனரே தாங்கிக்கிட்டாரு, பேட்டரிக்கு இன்னும் வாரண்டி கீது, ஆயில் மாத்த வேணாம், கிளட்ச் போகாது, வூட்லயே சார்ஜ் போட்டுக்கலாம், சீட்டு முதுகு புடிச்சு வுடும். என் சோத்துல மண்ணைப் போட்ட வண்டியோட பெருமையை நானே பாடணும்னு ஆச்சு. ஓனர் வண்டி பானெட்டைத் தட்டிக்கினே சொன்னாரு: "தை பொறக்கறதுக்குள்ள இது கெளம்பணும் சேகரு. இல்லாட்டி நீ கெளம்ப வேண்டியதுதான்."

கெட்டுப் போக எதுவும் இல்லை

எங்க பக்கம் பழைய வண்டி பாக்க யாரும் தனியா வர மாட்டாங்க. தனக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கைப் பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிக்கினு வருவாங்க. மெக்கானிக் தலையை ஆட்டினாதான் வியாபாரம். கம்பெனிங்களுக்கு வேன் ஓட்டற கான்ட்ராக்டர் ஏழுமலை அப்படித்தான் வந்தாரு. அவருக்கு வண்டியைப் பாத்ததுமே புடிச்சுப் போச்சு. கூட வந்த மெக்கானிக் கையைத் தொடைச்சுக்கினு, "ஸ்டார்ட் பண்ணு"ன்னாரு. "ஸ்டார்ட் ஆயிடுச்சுண்ணே"ன்னேன். "எப்ப?"ன்னாரு.

பானெட்டைத் திறந்தா உள்ள பிளாஸ்டிக் மூடி. ஆயில் மூடியைத் திருகி விரல் வுட்டுப் பாக்கறது அவரு வழக்கம், அதுக்கு எடமில்ல. காதை வெச்சுப் பாத்தாரு, ஒண்ணும் கேக்கல. அப்புறம் பின்னால போயி, புகையில எண்ணெய் வருதான்னு பாக்கறதுக்குக் குந்திக்கினு உள்ளங்கையை நீட்டினாரு. சைலன்சரைத் தேடறாருன்னு எனக்குப் புரிஞ்சுது. "இதுக்கு சைலன்சரே கெடயாதுண்ணே"ன்னு நானே என் வாயால சொன்னேன். இன்ஜின் இல்ல, கியர் இல்ல, கெட்டுப் போறதுக்கு எதுவுமே இல்லைன்னு பாடத்தை ஒப்பிச்சேன். அங்கதான் நான் தப்பு பண்ணேன். ரிப்பேரே வராத வண்டியை ஏழுமலை வாங்கினா அப்புறம் அந்த மெக்கானிக்குக்கு என்ன வேலை? அவரு ஏழுமலையைத் தனியா கூட்டிக்கினு போயி, எனக்குக் கேக்கற மாதிரியே சொன்னாரு: "கெட்டுப் போறதுக்கு ஒண்ணுமே இல்லாத வண்டிய, நல்லா கீதுன்னு நான் எப்படிண்ணே சொல்றது?"

சத்தம் இல்லை

அடுத்து வந்தவரு லோக்கல் அரசியல்வாதி. வெள்ளை வேட்டி, கூட நாலு பேரு. வண்டியை வல்லம் வரைக்கும் ஓட்டிக்கினு போனோம். அமைதியைப் பாருங்கண்ணே, உள்ள உக்காந்து ஃபோன் பேசினா அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு நம்ம மூச்சு கூட கேக்கும்னு சொன்னேன். அவரு முகம் சுருங்கிக்கினே போச்சு. வழியில ஒரு டீக்கடை கிட்ட மெதுவா போகச் சொன்னாரு. அங்க பத்துப் பேரு நின்னுகினு இருந்தாங்க, ஒருத்தன் கூடத் திரும்பிப் பாக்கல. யார்டுக்குத் திரும்பி வந்து எறங்கினவரு என் தோளுல கையை வெச்சு, ரொம்ப மரியாதையா சொன்னாரு: "வண்டி நல்லா கீதுப்பா. ஆனா நான் வந்தது எவனுக்கும் தெரியாதுன்னா, நான் எதுக்கு வரணும்?"

வூட்லயே சார்ஜ் போடலாம்

மண்ணூர்ல ஒருத்தரு நெலத்தை வித்து, வந்த காசுல வரிசையா ரூம் கட்டி, ஃபேக்டரி வேலைக்கு வந்த தெக்கத்திப் பசங்களுக்கு வாடகைக்கு வுட்டிருக்காரு. ரூமுக்கு ஆறு பேரு படுத்திருப்பாங்க. அவருக்கு வண்டி மேல ஒரு கண்ணு. வூட்ல சார்ஜ் போட்டுக் காட்டுன்னாரு. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓட்டிக்கினு போயி, அவரு காட்டின பிளக்குல சொருகினேன். பக்கத்துல வந்து நின்னு மெதுவா கேட்டாரு: இந்த கரண்டை ரூமுக்கு ரூம் பிரிச்சுப் பில்லுல சேத்துட்டா பசங்களுக்குத் தெரியுமா? ஓட்டற செலவு கம்மின்னு நான் பாடின பாட்டு அவரு காதுல இப்படி வுழுந்திருக்கு. நான் பல்லைக் காட்டிக்கினு நின்னேன்.

அந்த எடத்துல இருக்கிற பழைய ஒயரு அதுக்கு மேல தாங்கல. பொட்டுன்னு கட்டடம் முழுக்க கரண்ட் போச்சு. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து தூங்கிக்கினு இருந்த பசங்க, ஃபேன் நின்னதும் லுங்கியோட வெளிய வந்துட்டாங்க. யாரும் சண்டை போடல. சண்டை போடக் கூட அவங்க கண்ணுல தெம்பு இல்ல. வண்டியைப் பாத்தாங்க, ஒயரைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. அன்னைக்கு ஏண்டா இந்த வேலைக்கு வந்தோம்னு ஆயிடுச்சு. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் வூட்டுக்காரரைப் பாத்துச் சொன்னான்: "அண்ணாச்சி, காரு ஒரு நாளு பட்டினி கெடந்தா செத்தா போவும்? நாங்க தூங்கலேன்னா நாளைக்கு மெஷின்ல கையைக் குடுத்துருவோம்லா."

வல்லக்கோட்டையில நடந்தது

கடைசியா ஒரு நல்லது நடக்கற மாதிரி வந்துச்சு. ஃபேக்டரிங்கள்ல கழிவு இரும்பு எடுக்கற வியாபாரி குமரேசன், பொண்டாட்டிய கூட்டிக்கினு வந்து பாத்துட்டு சரின்னுட்டாரு. மெக்கானிக் இல்ல, பேரம் கூட ரொம்ப இல்ல. கிருத்திகை அன்னைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயில்ல பூஜை போட்டுட்டு, அங்கிருந்து நேரா வந்து கையெழுத்துப் போடறேன்னாரு. எங்க பக்கம் அதுதான் முறை. சாமி பாத்த பின்னாடிதான் வண்டி நம்மளுது. அன்னைக்கு என் பொண்டாட்டி கூட வூட்ல வெளக்கேத்தி வெச்சுட்டுத்தான் அனுப்பினா.

கோயில் வாசல்ல குமரேசன் வூட்டம்மா, வண்டி முன்பக்கம் முழுக்க மணக்க மணக்க சந்தனம் பூசினாங்க. முழங்கை கனத்துக்கு ஒரு சாமந்தி மாலையைக் குறுக்கால கட்டித் தொங்க வுட்டாங்க. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாச்சு, தேங்கா சுத்தி ஒடைச்சாச்சு. குமரேசன் உக்காந்து மெல்ல அழுத்தினாரு. வண்டி ஒரு இஞ்சு அசைஞ்சு டக்குனு தானா பிரேக் போட்டுக்கிச்சு. டொய்ங் டொய்ங்னு மணி அடிக்குது, முன்னால ஆள் நிக்குதுன்னு ஸ்கிரீன்ல செவப்பா படம் வருது. மறுபடி அழுத்தினாரு, மறுபடி நின்னுச்சு. பழம் நசுங்கல. சுத்தி நின்னவங்க கன்னத்துல போட்டுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

எனக்கு விஷயம் தெரியும். முன்னால கண்ணு மாதிரி சென்சாருங்க இருக்கு, அது மேல மாலை ஆடுது, சந்தனம் அப்பியிருக்கு. ஆளு குறுக்க நிக்கிறான்னு வண்டி நெனச்சுக்கிச்சு. "அண்ணே, மாலையைக் கழட்டிட்டு சந்தனத்தைத் தொடைச்சா போயிடும்"னு சொல்லிட்டேன். கோயில் வாசல்ல, சாமி மாலையைக் கழட்டு, சந்தனத்தைத் தொடைன்னு எவனாவது சொல்லுவானா? நான் சொன்னேன். என் அவசரம் எனக்கு. குமரேசன் சாவியை என் கையில வெச்சுட்டு எறங்கிட்டாரு. அவரு வூட்டம்மா கண்ணு கலங்கி என்னைப் பாத்துச் சொன்னாங்க: "முன்னால ஆள் நிக்கிறாங்கன்னு வண்டியே சொல்லுது. நிக்கிறது யாருன்னு உங்களுக்குத் தெரியலையாங்க?"

பழைய கூட்டாளி

மார்கழி பொறந்துடுச்சு. மார்கழியில வண்டி வாங்க மாட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும். தை வரைக்கும் யாரும் வரப் போறதில்ல, தை வந்தா நான் இருக்கப் போறதில்ல. அந்தக் கணக்கு ஓனருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்ப ஒரு நாள் முனுசாமி வந்தான். சைலன்சர் கம்பெனி லைன்ல எனக்கு எதிர்ல நின்னு வெல்டிங் அடிச்சவன், இப்ப ஒரு குடோன்ல செக்யூரிட்டி. யூனிஃபார்மோட வந்து வண்டியைச் சுத்திப் பாத்தான். இதுதானான்னு கேட்டான். ஆமான்னேன். திடீர்னு தரையில மல்லாக்கப் படுத்து வண்டிக்குக் கீழ தலையை வுட்டான். சைலன்சர் இருக்க வேண்டிய எடத்தைக் கையால தடவிப் பாத்தான். கையைக் குடுத்துத் தூக்கி வுட்டேன். முதுகு மண்ணைத் தட்டிக்கினே சொன்னான்: "கீழ தொடைச்சு வெச்ச மாதிரி கீது மாமே. நாம இருந்த எடமே தெரியல."

வாங்கினவரு

மார்கழி பாதியில, யாரும் வராத ஒரு பகல்ல, ஒரு டாக்ஸியிலேருந்து புருஷன் பொண்டாட்டி எறங்கினாங்க. அவரைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எங்க சைலன்சர் கம்பெனி ஹெச்.ஆர். மேனேஜர். கேன்டீன்ல எங்களையெல்லாம் உக்கார வெச்சு, இதை ஒரு முடிவா பாக்காதீங்க, புது ஆரம்பமா பாருங்கன்னு சொல்லி, ஆளுக்கொரு டிராவல் பேக் குடுத்து அனுப்பினவரு. அவருக்கு என்னை அடையாளம் தெரியல. கூட்டத்துல ஒரு தலை, எப்படித் தெரியும். நானும் காட்டிக்கல. பேசி வெறுப்பாயிட்டா போயிடுவாரு. போனா என் பொண்ணு ஃபீஸுக்கு நான் எங்க போவேன்?

அதனால பாடினேன். விலை எறங்கின நஷ்டம் உங்களுக்கு இல்ல சார், மொதல் ஓனருக்குத்தான். பேட்டரி எவ்வளவு நல்லா இருக்குன்னு சர்வீஸ் சென்டர்ல எழுதியே குடுத்திருக்காங்க. ஆயில் கெடயாது, ஃபில்டர் கெடயாது, சைலன்சர் கெடயாது சார். அந்த வார்த்தையை அவரு மூஞ்சியைப் பாத்தே சொன்னேன். அவரு புதுசா கேக்கற மாதிரி, "அப்படியா, வெரி குட்"னாரு. அவருக்கு மெக்கானிக் வேணாம், பூஜை வேணாம், சத்தம் வேணாம். தனி வூடு, தனி கரண்ட் லைன். நான் இத்தனை நாள் சொன்ன ஒவ்வொரு நன்மையும் அளவெடுத்துத் தச்ச மாதிரி அவருக்குப் பொருந்திச்சு. மார்கழியில வேற யாருங்க வாங்குவாங்கன்னு அதையும் சொல்லிக் காட்டி, ஓனரை ஃபோன்லயே கெஞ்ச வெச்சு விலையை எறக்கினாரு. கையெழுத்து போட்டாரு.

சாவியை நீட்டும்போது சிரிச்சுக்கினே கேட்டாரு, ரொம்ப நல்லா எக்ஸ்ப்ளெய்ன் பண்றீங்களே, இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்கன்னு. இனிமே மாற மாட்டாருன்ற தைரியம். "உங்க கம்பெனியிலதான் சார். வெல்டிங் லைன். கடைசி பேட்ச்"னு சொன்னேன். தலையைக் குனிவாரு, ஒரு வார்த்தையாவது தடுமாறுவாருன்னு நெனச்சேன். சாவியை நீட்டினபடியே காத்துக்கினு நின்னேன். அவரு என் தோளைத் தட்டினாரு, நெஜமாவே வருத்தமா சொன்னாரு: "அட, நம்ம ஆளா? மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா, இன்னும் கொஞ்சம் கொறைச்சுக் குடுத்திருப்பீங்களே."

ஆக மக்களே, பழைய சொகுசு மின்சாரக் கார் வாங்கறதுல நன்மை எக்கச்சக்கம், விக்கிறவனுக்கு அதுல ஒண்ணே ஒண்ணு, அவன் சோத்துல மண்ணைப் போட்டவருக்கே சல்யூட் அடிச்சு அந்தச் சோத்தைக் காப்பாத்திக்கலாம்.