கழுத்துக்குள் ஒரு குழி

கழுத்து வலியைச் சுளுக்கு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எண்ணெய் தேய்த்தேன், தலையணை மாற்றினேன். சாயங்காலமானால் காய்ச்சல் வந்து பக்கத்தில் குந்திக்கொள்ளும். கடைசியில் சித்தூரில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா காலால் பிறந்தவள். தலைக்கு முன்னால் கால் வெளியே வந்து பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவள் தெருவில் பாதிப் பேருடைய இடுப்பில் அந்தப் பாதம் பட்டிருக்கிறது.

“பொறக்கும்போதே ஒதச்சிக்கினு வந்தவ. பாத்து மிதி, உன் தம்பி கழுத்து அது,” என்றார் மாமா.

“நீ சும்மா டீயைக் குடி,” என்றாள் அக்கா.

குப்புறப் படுத்தேன். பின்னங்கழுத்தில் குதிகால் மெதுவாகத்தான் இறங்கியது. வலியே இல்லை. உள்ளே ஏதோ ஈரமாக நகர்ந்தது, இருட்டில் யாரோ புரண்டு படுப்பதுபோல.

மறுநாள் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. டம்ளரைப் பிடித்திருக்கிறேனா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். வரிசையாக இறங்கிவந்த எலும்புகள் ஓரிடத்தில் கரைந்து, சாம்பல் நிறத்தில் ஒரு குழி.

“எலும்புல டிபி. மாசக்கணக்கா அரிச்சிருக்கு. சீழ் தண்டுவடத்தை அமுக்குது. தலை இப்ப சதைமேலதான் நிக்குது.”

என் தலையின் கனம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“நான் மிதிச்சேன் சார்,” என்றாள் அக்கா.

டாக்டர் அவள் பாதத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “இனிமே யாரையும் மிதிக்காதீங்கம்மா.”

“இவனுக்குக் கை வந்துடுமா?”

“சீழை எடுத்தாத்தான் தெரியும்.”

தொண்டைப் பக்கமாகத் திறந்து, சீழை வடித்து, அரித்த எலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். என் இடுப்பிலிருந்தே ஒரு துண்டு எலும்பை வெட்டி அங்கே நட்டு, தகடு வைத்துத் திருகினார்கள்.

விழித்தபோது கழுத்தைச் சுற்றிப் பட்டை. கூரை மட்டும் தெரிந்தது. மனிதர்கள் எல்லாம் வெறும் குரல்களாகியிருந்தார்கள். அக்காவைக் கூப்பிட்டேன். கரகரவென்று வேறு யாரோ கூப்பிட்டதுபோல் இருந்தது என் குரல்.

“நா வேலு பட்டுக்கோண்டி,” என்றார் டாக்டர் தெலுங்கில். உடனே தமிழில், “என் விரலைப் பிடிங்க.”

பிடித்தேன். பிடித்ததாக நினைத்தேன். கை இருந்த இடத்தில் சூடில்லை, விரலில்லை, ஒன்றுமில்லை.

“புடிக்கிறான் சார், புடிக்கிறான்,” என்றாள் அக்கா.

“ஆமா, நல்லாவே. சரி, விடுங்க.”

விட்டேன்.

“விடுங்க,” என்றார் மறுபடியும்.

விட்டுவிட்டேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா குனிந்து, டாக்டரின் விரலைப் பற்றியிருந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கியிருந்தாள். எனக்கு அவள் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.