கரண்டு போன ஐந்து நிமிடம்

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது என்பது அந்தத் திருவிழா வரைக்கும் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, எனக்கு, ஹட்டனில் பார்த்த டாக்டருக்கு. முப்பது வருஷம் ஆளுயர ஸ்பீக்கர்களுக்கு முன்னால் நின்று லீட் கிட்டார் வாசித்ததில் காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் நின்றேபோனது.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, கொழும்புக்குப் போய், ராக் இசைக்குழுவில் பேர் எடுத்து ஊர் திரும்பியவர். டயகமயிலிருந்து நோர்வூட் வரைக்கும் கிட்டார் பிடிக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இவரைப் பார்த்துத்தான் ஆசை வந்தது என்று சொல்லும். தோளை ஒருபக்கம் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, இவர் நிற்கிற மாதிரியே நிற்பார்கள். வாசிப்பு வராவிட்டாலும் அந்த நிற்பு வந்துவிடும். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

"செவிடுன்னு தெரிஞ்சா அப்பறம் யாரும் என் வாசிப்பக் கேக்க மாட்டாங்க. பாவம்னுதான் பாப்பாங்க. ஒன் வாயால வந்துறக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நானும் காத்தேன். வீட்டுக்கு ஆள் வந்தால் அவருக்கு நேரெதிரே உட்கார வைப்பேன். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால், "அவருக்கு வேற யோசன" என்று சமாளிப்பேன். 

போன வருஷம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். முடியாது என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா? உடனே தலையாட்டிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால் டிரம்ஸ் அடிப்பது மேடைப் பலகை வழியாகக் காலுக்குத் தெரியுமாம், மிச்சம் விரலுக்குத் தெரியுமாம். எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

பகல் மூன்று மணிக்குத் தொடங்கினார்கள். மேடைக்கும் எங்கள் லயத்துக்கு வரும் கம்பியிலிருந்தே கரண்டு எடுத்திருந்தார்கள். இரண்டு பாட்டு நன்றாகப் போனது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் முட்டாள்தனத்தைச் செய்தேன். வட்டகொடையிலிருந்து வந்திருந்த வாத்தியக்காரர்களை அந்தக் குளிரில் பிளேன்டீ இல்லாமல் விட முடியுமா? "தண்ணி கொதிக்க ஆளுக்கொரு கேத்தல் போடுங்கடி" என்று லயத்துப் பெண்களிடம் சொன்னேன். லயத்தின் பன்னிரண்டு காம்பரா வீட்டிலும் ஒரே நேரத்தில் கரண்டு கேத்தலைச் செருகிவிட்டார்கள்.

பாரம் தாங்காமல் ட்ரிப் சுவிட்ச் விழுந்து கரண்டு போனது. கிட்டார் சத்தம் நின்றது. மைக் நின்றது. இவர் நிறுத்தாததைப் பார்த்து டிரம்ஸ்காரர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தார். பட்டப்பகல், அணைந்து காட்டுவதற்கு மேடையில் ஒரு பல்புகூட இல்லை. இவர் கண்ணை மூடியபடி வாசித்துக்கொண்டேயிருந்தார்.

"அண்ணே, கரண்டு போயிருச்சு!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். பிறகு நாலைந்து குரல். பக்கத்தில் பேஸ் கிட்டார் வைத்திருந்தவர் இவருடைய தோளைத் தொடக் கையை நீட்டினார். நான் கீழே நின்று கும்பிட்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். சிரித்துக்கொண்டிருந்த இளவட்டங்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

நான் லயத்துக்கு ஓடினேன். "புடுங்குங்கடி, சனியன!" என்று கத்திக்கொண்டே காம்பரா காம்பராவாகப் புகுந்து கேத்தலைப் பிடுங்கினேன். செருகச் சொன்னவளே நான்தான் என்பது அப்போது நினைவில் இல்லை. ட்ரிப் சுவிட்ச் தூக்கத் தூக்க இரண்டு தடவை விழுந்து, மூன்றாம் தடவைதான் நின்றது. அதற்குள் அவர் ஒருமுறை கண்ணைத் திறந்து ஜனங்களின் முகத்தைப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று மேடைப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தேன்.

கரண்டு வந்ததும் கிட்டார் பாட்டின் நடுவிலிருந்து பாய்ந்து வந்தது. தாளம் மயிரிழைகூடப் பிசகவில்லை. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். ஊரே எழுந்து நின்று கைதட்டியது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

கரண்டு போனதை அவரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். நல்ல ஜனங்கள், ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து எல்லாரும் அவர் முன்னால் வந்து நின்று, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேச ஆரம்பித்தார்கள். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கையால் சைகை வேறு காட்டினார்.

மூன்றாம் நாள் இவர் என்னைக் கேட்டார்: "நீ சொல்லிட்டியா?"

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வராத கிட்டாரை ஊர் முன்னால் ஐந்து நிமிடம் வாசித்தீர்கள் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"ஆமாங்க" என்றேன். "வாய் தவறி வந்துருச்சு."

"ஒன்னய நம்புனேனே."

 கிட்டார் பழகப் பிள்ளைகள் இப்போதும் வருகிறார்கள், அவர்களோடு சிரித்துப் பேசுகிறார். என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. இதை எழுதி முடித்து இரண்டு நாளாகிறது. அவர் மேசையில் வைப்பதா, அடுப்பில் போடுவதா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறேன்.