நானாவிடம் புதிதாக ஒன்றும் இல்லை

போன திங்கட்கிழமை செல்வி ஒரு கேள்வி கேட்டு என்னை மாட்டிவிட்டார். பகலில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர், சாயங்காலம் என்னுடைய கம்ப்யூட்டர் வகுப்பில் டைப் பழகுகிறார்.

“சேர், கொஞ்ச நாளா அப்டேட் ஒண்ணுமே வரலியே... லினக்ஸ்ல எல்லா பிழையையும் திருத்தி முடிச்சிட்டாங்களா?”

சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் கொஞ்சம் நீளம். உங்களிடம் சொல்கிறேன்.

வகுப்பு தொடங்கிய புதிதில் எல்லா மெஷின்களுக்கும் ஒரே நேரத்தில் அப்டேட் கொடுத்தேன் — தோட்டத்து ஆபீஸின் ஒற்றை டெலிபோன் லைனில்! கிளாக்கர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“மாஸ்டர், தொரை கொழும்புக்குப் பேசணுமாம். ஃபோன தூக்குனா கீச்சு கீச்சுனு கத்துது. என்னத்த பண்ணி வச்சீங்க?”

நான் என்ன செய்தேன்? பதறினால் நான் வழக்கமாகச் செய்வதைத்தான். கைக்கு எட்டிய வயரையெல்லாம் பிடுங்கினேன். ஃபேன் வயர் உட்பட.

காப்பாற்றியவர் ஃபரீத் நானா. எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம். கஹவத்தை டவுனில் ‘கொமினிகேஷன்’ கடை வைத்திருந்தார். இன்டர்நெட் உண்டு, பொறுமையும் உண்டு.

“மாஸ்டர், லயத்துல ஒரு கலியாணம் எண்டா வீட்டுக்கொரு ஆளா கஹவத்தைக்கு வந்து தேங்கா வாங்குறீங்களா? ஒரு ஆள் வந்து மூட்டையா கொண்டு போறதானே! என்ட கடைல லைன் ஈக்கி. நான் எறக்கி வெக்கிறேன். நீங்க டிஸ்க்க கொண்டு வாங்க.”

அவ்வளவுதான் விஷயம். நானா கடையில் இறக்குவார். நான் டிஸ்க்கில் கொண்டுவந்து வகுப்பில் ஒரு மெஷினில் கொட்டுவேன். மற்ற மெஷின்களெல்லாம் இன்டர்நெட்டைத் தேடி அலையாமல் அதனிடமே கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்த மெஷினுக்கு ஒரு பெயர் வை என்று திரை கேட்டபோது, பதற்றத்தில் என் விரலுக்கு வந்த ஒரே பெயர் — நானா.

டிஸ்க்கைத் துவாயில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்வேன். குலுங்கினால் செத்துவிடுமோ என்ற பயம். கண்டக்டர் சிங்களத்தில் கிண்டலடிப்பார்: “கோ மாஸ்டர், லமயா நிதித?” பிள்ளை தூங்குதா என்று கேட்கிறாராம்!

அப்படியொரு நாள் காலையில், முந்தின வாரம் கொண்டுவந்ததைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது, திரை முழுக்கச் சிவப்பாய்ப் பிழைகள். உடனே நானாவுக்கு ஃபோன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மறுபடியும். ‘மனுசன் எங்கே போய்த் தொலைந்தார்?’ என்று வாய்விட்டே திட்டினேன்.

கடைசியில் மகன் ரிஸ்வான் எடுத்தான்.

“வாப்பா மௌத்தாகிட்டாங்க, மாஸ்டர். சுபஹு தொழுகைக்கு எழுப்பப் போனா... எழும்பல்ல.”

நான் ஏதோ சொன்னேன். எத்தனை மணிக்கு அடக்கம் என்று மட்டும் கேட்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் சாவு காத்திருக்கும். கொழும்பில் வேலை செய்கிற மகன் வர வேண்டும், மாமன் வர வேண்டும், தப்பு அடிக்க வேண்டும், பாடைக்குத் தேர் கட்ட வேண்டும். முஸ்லிம் வீட்டில் அப்படிக் காத்திருக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? வருசா வருசம் நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் பதறினால் முதலில் மறந்துபோவது தெரிந்ததெல்லாம்தான். வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணினேன். பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். டவுனில் இறங்கி — கேளுங்கள் — மாலையே போடாத வீட்டுக்கு மாலை கட்டச் சொல்லி அதற்கும் காத்து நின்றேன்.

போனபோது வாடகைக் கதிரைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

“பகல் லுஹர் தொழுகையோடயே அடக்கிட்டோம், மாஸ்டர்.” ரிஸ்வான் மாலையைப் பார்த்தான். உள்ளே போய் ஒரு பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தான். “வாப்பா நேத்தும் சென்ன. மாஸ்டர் இந்தக் கிழம வருவாரு, டிஸ்க் பாரமா ஈக்கும் எண்டு.”

டிஸ்க் பாரமாய் இருக்குமாம். அதில் எவ்வளவு ஏற்றினாலும் அதே எடைதான் என்று அவருக்குத் தெரியாதா? என்னைச் சிரிக்க வைக்க அவர் சொல்கிற பழைய பகிடி அது. நான் சிரித்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் மடியில் மாலை. கண்டக்டர் பார்த்தார். அன்றைக்குப் பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. டிக்கெட்டைக் கிழித்து மெதுவாகக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

பாதியில் சிவந்து நின்றதை மறுநாள் நானே தட்டித் தடவிக் கொட்டி முடித்தேன். பிறகு ரிஸ்வான் கடையை மூடிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டான். நானா கடைசியாக இறக்கியதைத்தான் எங்கள் மெஷின்கள் வைத்திருக்கின்றன. அதற்குப் பிறகு உலகத்தில் என்னென்னவோ மாறியிருக்கும். அவற்றுக்கு அது தெரிய வழியில்லை. தினமும் எழுந்தவுடன் நானாவிடம் கேட்கின்றன — புதிதாக ஏதாவது உண்டா? ஒன்றும் இல்லை, எல்லாம் அப்படியே இருக்கிறது என்று பதில் வருகிறது. நம்பிக்கொண்டு வேலையைத் தொடங்குகின்றன.

வேறொரு கடை பிடிக்க வேண்டும்தான். பிடிப்பேன், செல்வி. அதுவரைக்கும் இந்த வகுப்பில் நானா சாகவில்லை என்று நம்புகிறவர்கள் கொஞ்சம் பேராவது இருக்கட்டுமே... மெஷின்களாக இருந்தாலென்ன?